குழந்தையில் பெற்ற ஞானஸ்நானம் போதுமா, மீண்டும் முழுக வேண்டுமா?

பொருநைக்கரை:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்து, நாற்பதாம் நாளில் ஞானஸ்நானம் பெற்றவன் நான். அந்த நாள் எனக்கு நினைவில்லை. அதற்குச் சாட்சியாக இருப்பவை இரண்டுதான்: அம்மாவின் டிரங்குப் பெட்டியில் மடித்து வைத்திருக்கும், கழுத்துப் பக்கம் மஞ்சள் ஏறிப்போன ஒரு சின்ன வெள்ளைச் சட்டை, பள்ளிச் சேர்க்கைக்காக அப்பா ஆயரிடம் எழுதி வாங்கிய சான்றிதழ். பதினான்கு வயதில் திடப்படுத்தல் எடுத்தேன். கேள்வி பதில்களை மனப்பாடம் செய்தோம், பேராயர் தலையில் கை வைத்து ஜெபித்தார், முதல் நற்கருணை பெற்றோம். ஆனால் அன்று என் மனதில் விசுவாசத்தைவிடப் புதுத்துணியும் வீட்டில் நடந்த விருந்துமே பெரிதாக இருந்தன.

நான்கு ஆண்டுகளுக்கு முன் வேலையை இழந்து, குடும்பத்தாரிடம் பொய் சொல்லிக்கொண்டு அலைந்த நாட்களில், ஓர் இரவு சங்கீதம் 51-ஐ வாசித்துவிட்டு விடியும்வரை அழுதேன். அதற்குப் பிறகு நான் பழைய ஆளாக இல்லை. இப்போது சென்னையில் ஒரு ஜெப ஐக்கியத்திற்குப் போகிறேன். அங்குள்ள மூப்பர்கள் அன்பானவர்கள். ஆனால் முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கும்வரை இராப்போஜனத்தில், அதாவது நற்கருணையில், எனக்குப் பங்கில்லை என்கிறார்கள். இரண்டு மாதங்களாக அப்பத் தட்டு என்னைத் தாண்டிப் போகிறது. அப்பாவிடம் சொன்னபோது, "நாங்கள் உன்னைக் கையில் ஏந்திக்கொண்டு போய்க் கர்த்தரிடம் கொடுத்தது பொய்யா?" என்று ஒரே கேள்வி கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

என் கேள்வி இதுதான். நான் பெற்ற ஞானஸ்நானம் ஞானஸ்நானம்தானா? மறுபடியும் முழுகினால், நான் தேடுகிற புதுப்பித்தல் அதனால் வருமா?

யோர்தான்:

சகோதரரே, உங்கள் தகப்பனாரின் வருத்தத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. என் தகப்பனாரும் என்னோடு ஆறு மாதம் பேசாமல் இருந்தார். ஆனாலும் வேதம் காட்டும் வரிசையை நாம் மாற்ற முடியாது. பெந்தெகொஸ்தே நாளில் வசனத்தை ஏற்றுக்கொண்டவர்களே ஞானஸ்நானம் பெற்றார்கள். எத்தியோப்பிய மந்திரி முதலில் கேட்டான், பிறகு விசுவாசித்தான், அதன்பின் தண்ணீரைக் கண்டு தடையென்ன என்று வினவினான். அவனும் பிலிப்புவும் தண்ணீரில் இறங்கினார்கள். எங்கும் கேட்டல் முன்னே, விசுவாசம் அடுத்து, தண்ணீர் அதன் பின்னே. நாற்பது நாள் குழந்தை எதைக் கேட்டது, யாரை விசுவாசித்தது?

ரோமர் 6-ஆம் அதிகாரம் ஞானஸ்நானத்தை அடக்கம் என்கிறது. இறந்தவரை அடக்கம் செய்யப் போனவர்கள் ஒரு பிடி மண்ணை நெற்றியில் தூவிவிட்டுத் திரும்பி வருவதில்லை. எங்கள் சபையில் பிரசங்க மேடையின் பலகைகளை எடுத்தால் கீழே தொட்டி இருக்கிறது. முந்தின இரவே தண்ணீர் நிரப்பிவிடுவோம். வெள்ளை உடையில் இறங்குகிறவர் மார்பளவு தண்ணீரில் நின்று எல்லார் முன்பாகவும் தம் வாயால் அறிக்கை செய்து, போதகரின் கையில் சாய்ந்து முழுவதும் மறைந்து, மூச்சுத் திணறி எழும்பும்போது, அது என்ன என்பதை யாரும் அவருக்கு விளக்க வேண்டியதில்லை.

இதை மறு ஞானஸ்நானம் என்று அழைப்பதே தவறு. முதலில் நடந்தது ஞானஸ்நானமாக இருந்தால்தானே இது மறுபடியும் ஆகும்? 1525 ஜனவரி 21 அன்று சூரிச் நகரில் ஒரு வீட்டில் கூடிய சிலர், குழந்தையில் தெளிக்கப்பட்டிருந்தும், அறிக்கை செய்து ஒருவருக்கொருவர் ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவரான பெலிக்ஸ் மான்ஸ் 1527 ஜனவரி 5 அன்று அதே ஊரின் லிம்மாத் ஆற்றில், கைகள் கட்டப்பட்டு மூழ்கடிக்கப்பட்டார். அவரைத் தண்டித்தது போப்பாண்டவர் அல்ல, சீர்திருத்தம் பேசிய நகரசபை. அப்போஸ்தலர் 19-ஆம் அதிகாரத்தில் எபேசுவில் ஏறக்குறைய பன்னிரண்டு பேர் ஏற்கெனவே யோவான் ஸ்நானகனின் மனந்திரும்புதலுக்கேற்ற ஸ்நானத்தைப் பெற்றிருந்தும், பவுல் அவர்களைக் கர்த்தராகிய இயேசுவின் நாமத்தில் ஞானஸ்நானம் பெறச் செய்தார். குறையிருந்தால் திரும்பவும் எடுப்பதற்கு வேதத்திலேயே இடம் இருக்கிறது. கீழ்ப்படியுங்கள், புதுப்பித்தல் கீழ்ப்படிதலின் பின்னால் வரும்.

உபதேசியார்:

தரங்கம்பாடிப் பகுதியில் முப்பது ஆண்டுகள் உபதேசியாராக ஊழியம் செய்து ஓய்வு பெற்றவன் நான். யோர்தான் சகோதரர் வருத்தத்தோடும் வைராக்கியத்தோடும் எழுதியிருக்கிறார். அதே மனதோடு மறுக்கிறேன்.

அடிப்படைக் கேள்வி தண்ணீர் எவ்வளவு என்பதல்ல. திதாகே என்னும் மிகப் பழைய திருச்சபைப் போதனை நூல், ஓடும் தண்ணீரில் கொடு, அது இல்லையேல் வேறு தண்ணீரில் கொடு, இரண்டும் போதாவிட்டால் தலையின்மேல் மூன்று முறை ஊற்று என்கிறது. ஆகவே அந்த வழக்கை நாம் பெரிதாக்க வேண்டாம். ஞானஸ்நானத்தில் செயல்படுகிறவர் யார் என்பதே கேள்வி. அது நான் கடவுளுக்குக் கொடுக்கும் வாக்குமூலம் என்றால், என் வாக்கு தளரும்போதெல்லாம் என் ஞானஸ்நானமும் தளரும். அது கடவுள் எனக்குக் கொடுக்கும் வாக்குறுதி என்றால், நான் அதை உணராத நாளிலும் அது நிற்கும். தீத்து 3:5 "மறுஜென்ம முழுக்கினாலும், பரிசுத்த ஆவியினுடைய புதிதாக்குதலினாலும்" அவர் நம்மை இரட்சித்தார் என்று சொல்லும்போது, இரண்டையும் செய்கிறவர் அவரே.

எபேசுவின் பன்னிரண்டு பேர் பெற்றிருந்தது யோவானின் ஸ்நானம். பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் ஞானஸ்நானம் பெற்ற ஒருவருக்கு அப்போஸ்தலர்கள் திரும்பவும் கொடுத்ததாக ஓர் இடத்தையாவது காட்ட முடியுமா? அதற்கு மாறான இடத்தை நான் காட்டுகிறேன். சமாரியாவில் மாயவித்தைக்காரனாகிய சீமோன் ஞானஸ்நானம் பெற்றான்; சில நாட்களிலேயே பரிசுத்த ஆவியின் வரத்தைப் பணத்துக்குக் கேட்டான். உன் இருதயம் தேவனுக்கு முன்பாகச் செம்மையாயிருக்கவில்லை என்று அவன் முகத்துக்கு நேரே சொன்ன பேதுரு, அவனைத் திரும்பவும் தண்ணீருக்கு அனுப்பவில்லை. "மனந்திரும்பி, தேவனை நோக்கி வேண்டிக்கொள்" என்றார்.

யோவான் 13-ஆம் அதிகாரத்தில், கைகளையும் தலையையும்கூடக் கழுவும் என்று பேதுரு கேட்டபோது, "முழுகினவன் தன் கால்களைமாத்திரம் கழுவவேண்டியதாயிருக்கும்" என்று ஆண்டவர் சொன்னார். ஆற்றில் குளித்துவிட்டு வீட்டுக்கு நடந்து வருகிறவனின் காலில் புழுதி ஒட்டும். திண்ணையில் செம்புத் தண்ணீரில் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வருவான். காலில் புழுதி பட்டதற்காகத் திரும்பவும் ஆற்றுக்குப் போகமாட்டான். கிரேக்க மூலத்திலும் முழுகுதலுக்கு ஒரு சொல்லும் கால் கழுவுதலுக்கு வேறொரு சொல்லும் இருக்கின்றன. ஞானஸ்நானம் முழுகுதல், ஒரே தரம். புதுப்பித்தல் கால் கழுவுதல், தினந்தோறும்.

மார்ட்டின் லூத்தர் 1529-இல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தில், தண்ணீரினாலான இந்த ஞானஸ்நானம் எதைக் குறிக்கிறது என்ற கேள்விக்கு, நமக்குள் இருக்கும் பழைய ஆதாம் அன்றாட மனஸ்தாபத்தினாலும் மனந்திரும்புதலினாலும் அமிழ்த்தப்பட்டுச் சாகவேண்டும், புதிய மனிதன் அன்றாடம் எழும்ப வேண்டும் என்னும் கருத்தில் பதில் எழுதினார். நான் ஊழியம் செய்த நாட்களில் பிள்ளைகளிடம் இதை ஒப்பிக்கச் சொல்லும்போது, "அன்றாடம்" என்ற சொல்லில் நிறுத்தி, நேற்று எதை அமிழ்த்தினாய் என்று கேட்பேன். பெரும்பாலான பிள்ளைகள் தலையைக் குனிந்துகொள்வார்கள். ஒரு சிறுமி மட்டும், தம்பியைக் கிள்ளினேன், பிறகு மன்னிப்புக் கேட்டேன் என்றாள். திடப்படுத்தல் வகுப்பு முழுவதற்கும் அந்த ஒரு பதில் போதுமானதாக எனக்கு இருந்தது.

யோர்தான்:

உபதேசியார் ஐயாவின் சீமோன் உதாரணம் என் பக்கத்துக்கே துணை நிற்கிறது. சீமோனும் விசுவாசித்து ஞானஸ்நானம் பெற்றான் என்று வசனம் தெளிவாகச் சொல்கிறது. விசுவாசித்து முழுகியவன் வழுவினால் மனந்திரும்பினால் போதும். அதை நாங்களும் அப்படியே போதிக்கிறோம். எங்கள் சபையில் பின்வாங்கிப்போய்த் திரும்பி வந்தவருக்கு இரண்டாம் முறை ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. ஒருபோதும் விசுவாசிக்காத நிலையில் தண்ணீர் மட்டும் பட்டவரைப் பற்றியே நான் பேசுகிறேன். முழுகாதவனுக்குக் கால் கழுவுவதைப் பற்றிப் போதித்துப் பயனில்லை.

தரங்கம்பாடியை நீங்கள் அறிவீர்கள். 1707 மே மாதம் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு அங்கே முதல்முதலாக ஐந்து பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். டேனியர்களிடம் அடிமைகளாக இருந்த அவர்களுக்கு முதலில் உபதேசம், பிறகுதான் தண்ணீர். பாளையங்கோட்டை கிளாரிந்தாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலேய அதிகாரி ஒருவரோடு திருமணம் இல்லாமல் வாழ்ந்துவந்த நாட்களில் அவர் ஞானஸ்நானம் கேட்டபோது மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் மறுத்தார். அந்த அதிகாரி இறந்தபின், 1778-இல்தான் கொடுத்தார். பெரியவர்களிடம் இவ்வளவு கண்டிப்பாக வாழ்க்கையைப் பார்த்துக் கொடுத்த அதே சபைகள், குழந்தைகளிடம் மட்டும் எதையும் பாராமல் கொடுத்ததற்குக் காரணம் என்ன? கி.பி. 200-ஐ ஒட்டி வாழ்ந்த திருச்சபை எழுத்தாளர் தெர்த்துல்லியனே, சிறு பிள்ளைகளுக்கு ஏன் அவசரம், அவர்கள் கிறிஸ்துவை அறியும்போது வரட்டும் என்று எழுதியிருக்கிறார்.

மெழுகுதிரி:

தெர்த்துல்லியன் அப்படி எழுத வேண்டியிருந்தது என்பதே, அவர் காலத்தில் குழந்தைகளுக்குத் திருமுழுக்கு (நீங்கள் ஞானஸ்நானம் என்பது) வழங்கும் வழக்கம் இருந்ததற்குச் சான்று. இவ்வளவு மட்டும் சொல்லிவிட்டு அந்த வரலாற்று வாதத்தை விடுகிறேன், ஏனென்றால் கேள்வி கேட்ட தம்பிக்குத் தேவைப்படுவது அது அல்ல என்று நினைக்கிறேன்.

நான் கத்தோலிக்கப் பெண். எங்கள் கோவிலில் ஈஸ்டருக்கு முந்தின பாஸ்கா திருவிழிப்பு இரவில் எல்லா விளக்குகளையும் அணைத்துவிடுவார்கள். வெளியே மூட்டிய புதுத்தீயிலிருந்து பெரிய பாஸ்காத் திரி ஏற்றப்பட்டு, அதிலிருந்து ஒருவர் திரியிலிருந்து ஒருவர் என்று கடைசி வரிசை வரை வெளிச்சம் வரும். எரியும் திரியைக் கையில் பிடித்துக்கொண்டே, எங்கள் திருமுழுக்கில் பெற்றோர் எங்களுக்காகச் சொன்ன வாக்குறுதிகளை நாங்களே எங்கள் வாயால் சொல்வோம். பிறகு குருவானவர் எங்கள்மேல் தண்ணீர் தெளிப்பார். விசுவாசிகள் எல்லாரும் சேர்ந்து இப்படிப் புதுப்பிக்கும் சடங்கு, 1951-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் திருவிழிப்பைச் சீரமைத்தபோது வந்தது. போன வருடம் என் பக்கத்தில் நின்ற ஆறு வயதுப் பேரன், தெளித்த தண்ணீரில் தன் திரி அணைந்துவிட்டதே என்று அழுதான். என் திரியைச் சாய்த்து மறுபடி ஏற்றிக் கொடுத்தேன்.

யோர்தான் சகோதரரே, நீங்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது என்பதை மறைக்கமாட்டேன். 1982-இல் பெரு நாட்டின் லீமாவில் உலகத் திருச்சபைகளின் பிரதிநிதிகள் ஏற்ற ஆவணம், திருமுழுக்கு மறுபடியும் செய்யப்பட முடியாதது என்றும், மறு திருமுழுக்காகத் தோன்றும் எதையும் தவிர்க்க வேண்டும் என்றும் சொன்னது. அதே ஆவணம், குழந்தைகளுக்குத் திருமுழுக்கு வழங்கும் சபைகள் வரைமுறையின்றி வழங்கக்கூடாது, அந்தக் குழந்தைகள் முதிர்ந்த விசுவாசத்துக்கு வளரும்படி வளர்க்கும் பொறுப்பை இன்னும் கவனமாக ஏற்க வேண்டும் என்றும் சொன்னது. முதல் வாக்கியத்தை நாங்கள் உங்களுக்குச் சொல்லிக் காட்டுகிறோம். இரண்டாவது வாக்கியத்தை எங்களுக்கு நாங்கள் சொல்லிக்கொள்வதில்லை. ஞானப்பெற்றோரை மோதிரம் போடுகிறவராக மட்டும் தேர்ந்தெடுக்கும் வழக்கம் எங்களிடம் இருக்கும்வரை, தம்பியைப் போன்றவர்கள் தங்களுக்கு எதுவும் நடக்கவில்லை என்று நினைப்பது அவர்கள் குற்றம் அல்ல.

கனகாம்பரம்:

நான் இரண்டு முறை ஞானஸ்நானம் பெற்றவள். குழந்தையில் ஒன்று, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் கடலில் ஒன்று. அலை வந்து இழுக்கையில் போதகரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, என் கணவர் வீட்டார் கரையில் பார்த்துக்கொண்டிருக்க, இயேசுவே என் ஆண்டவர் என்று சத்தமாகச் சொன்னேன். அதுவரை அவர்கள் முன்னால் அதைச் சொல்ல எனக்குத் துணிவு இருந்ததில்லை. அந்த நாளுக்காக இன்றும் நன்றி சொல்கிறேன்.

ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லத்தான் வேண்டும். மூன்றே ஆண்டுகளில் அதே வறட்சி திரும்பி வந்தது. ஊர் மாறிப் போன இடத்தில் வேறொரு சபையில் சேர்ந்தேன். அங்கே, திரித்துவ நாமத்தில் எடுத்தது செல்லாது, இயேசுவின் நாமத்தில் மட்டும் எடுக்க வேண்டும் என்றார்கள். மூன்றாவது முறையாகத் தொட்டியின் படியில் நின்றபோது என் கால்கள் நகரவில்லை. முதலில் என் விசுவாசம் போதவில்லை என்றார்கள், அடுத்து சொன்ன வாக்கியம் போதவில்லை என்றார்கள்; இனி எது போதாமல் போகுமோ என்ற பயம் என்னைப் பிடித்துக்கொண்டது. உடையை மாற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

என்னை உண்மையில் மாற்றியது வேறு. அம்மா வீட்டுப் பங்கு விஷயத்தில் ஏழு வருடம் பேசாமல் இருந்த என் அக்காவுக்கு, ஒரு பெரிய வெள்ளிக்கிழமை அன்று நானே போன் செய்தேன். அவள் எடுக்கவில்லை. மறுநாளும் செய்தேன். ஐந்தாவது நாள் எடுத்தாள். அந்த ஐந்து நாளும் எனக்குள்ளே செத்துக்கொண்டிருந்தது எது என்று எனக்குத் தெரியும். உபதேசியார் ஐயா எழுதிய "அன்றாடம்" என்ற சொல்லை வாசித்தபோது அந்த ஐந்து நாளும் கண்முன் வந்தன.

கீழத்தெரு:

தெளிப்பா முழுக்கா என்று இவ்வளவு வாதிடும் நாம், இந்த நாட்டில் இரண்டுமே தொடாத ஓர் இடத்தைப் பற்றிப் பேசாமல் போகக்கூடாது. கலாத்தியர் 3:27, 28 வசனங்கள் ஞானஸ்நானம் பெற்றவர்கள் கிறிஸ்துவைத் தரித்துக்கொண்டார்கள் என்று சொல்லிவிட்டு, உடனே யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை, அடிமையென்றும் சுயாதீனனென்றுமில்லை என்கின்றன. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், தென்னிந்தியச் சபைகளில் சாதி வேறுபாட்டை உடனடியாகவும் முற்றிலுமாகவும் கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சாதியை விடாமல் சபையை விட்டார்கள். அவர்கள் ஞானஸ்நானம் பெறாதவர்கள் அல்ல. தலைமுறை தலைமுறையாகப் பெற்றவர்கள்.

இன்று கிறிஸ்தவப் பத்திரிகைகளின் மணமக்கள் பகுதியைப் புரட்டிப் பாருங்கள். "இரட்சிக்கப்பட்ட, முழுக்கு ஞானஸ்நானம் பெற்ற" என்று தொடங்கும் அதே வரியில் சாதியின் பெயரும் வருகிறது. தொட்டியில் அவர்கள் எதை அடக்கம் செய்தார்கள்? தலையில் ஊற்றும் என் சொந்தச் சபையில் கல்லறைத் தோட்டத்துக்கு இரண்டு வழிகள் இருந்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். எனவே ஒரு பக்கத்தாரை மட்டும் குற்றம் சொல்லவில்லை. புதுப்பித்தல் என்பது உள்ளத்தில் அனல் மூளும் அனுபவம் மட்டும்தான் என்றால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சம்பந்தம் பேசும் இடத்திலும் கல்லறையிலும் அது தெரிய வேண்டும்.

யோர்தான்:

கீழத்தெரு சகோதரர் சொன்ன விளம்பரங்களை நானும் பார்த்திருக்கிறேன். பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. எங்கள் சபையில் ஞானஸ்நானத்துக்கு முன் கேட்கும் கேள்விகளில் சாதியைப் பற்றிய கேள்வி இல்லை. அதைச் சேர்க்க வேண்டும் என்று வரும் மூப்பர் கூட்டத்தில் கேட்பேன்.

குழந்தை ஞானஸ்நானத்தைப் பற்றிய என் நிலை மாறவில்லை. ஆனால் கேள்வி கேட்ட சகோதரருக்கு ஒன்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். "விசுவாசத்தினாலே வராத யாவும் பாவமே" என்று ரோமர் 14:23 சொல்கிறது. அப்பத் தட்டு தாண்டிப் போகிற வேதனைக்காகவோ, மூப்பர்களின் முகத்துக்காகவோ நீங்கள் தண்ணீரில் இறங்கினால், அது நான் கண்டிக்கிற அதே குழந்தை ஞானஸ்நானம்தான். முதலில் பெற்றோர் உங்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள், இப்போது மற்றவர்கள் தூக்கிக்கொண்டு போகிறார்கள். வேதத்தை வாசித்து உங்கள் மனச்சாட்சியே கேட்டால் மட்டும் இறங்குங்கள்.

உபதேசியார்:

இதை எழுதிய கைக்காகக் கர்த்தரைத் துதிக்கிறேன், சகோதரரே. நாம் இருவரும் ஒத்துப்போகப் போவதில்லை. ஆயினும் இந்த வார்த்தையை என் பேரப்பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவேன்.

பொருநைக்கரைத் தம்பி, நடைமுறைக்கு இரண்டு காரியம் சொல்கிறேன். புத்தாண்டை ஒட்டி நம்முடைய பல சபைகளில், கர்த்தரோடுள்ள உடன்படிக்கையைப் புதுப்பிக்கும் உடன்படிக்கை ஆராதனை நடக்கிறது. ஜான் வெஸ்லி 1755-இல் லண்டனில் தொடங்கி, மெதடிஸ்டுகள் வழியாக நமக்கு வந்த வழக்கம் அது. அதில் நிற்கும்போது, பதினான்கு வயதில் ஒப்பித்ததை முப்பது வயதின் அறிவோடு திரும்பச் சொல்லலாம். இன்னொன்று, காலையில் எழுந்தவுடன் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு திரியேக நாமத்தைச் சொல்லும்படி லூத்தர் கற்பித்தார். நான் முகம் கழுவும்போது அதைச் செய்கிறேன். கையில் தண்ணீர் இருக்கும், நாமம் வாயில் இருக்கும். அதற்கு மேல் எனக்கு நினைவூட்டல் தேவைப்படுவதில்லை.

பொருநைக்கரை:

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு அப்பாவுக்குப் போன் செய்து, ஞானஸ்நானச் சான்றிதழை எடுத்து வாசிக்கச் சொன்னேன். தேதி, ஆயர் பெயர், அதன் பிறகு ஞானத்தாய் என்ற இடத்தில் என் பெரிய அத்தையின் பெயர். அதைக் கேட்டதும் நான் அடியோடு மறந்திருந்த ஒன்று நினைவுக்கு வந்தது. அத்தை இறக்கும்வரை ஆண்டுதோறும் எனக்கு ஓர் அஞ்சலட்டை எழுதுவார். அது என் பிறந்தநாளுக்கு வராது, ஒரு மாதம் பத்து நாள் கழித்து வரும். பிறந்தநாளை மறந்துவிட்டுத் தாமதமாக எழுதுகிறார் என்றே சிறுவயதில் நினைத்துச் சிரித்திருக்கிறேன். அப்பா தேதியை வாசித்தபோதுதான் அது எந்த நாள் என்று புரிந்தது. ஒவ்வொரு அட்டையிலும் கடைசி வரி, உனக்காக இன்று முழங்காலில் நின்றேன் என்பதுதான். சங்கீதம் 51-ஐ வாசித்து அழுத அந்த இரவு எங்கிருந்து வந்தது என்று இனி நான் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

மீண்டும் ஞானஸ்நானம் எடுக்கப் போவதில்லை. வரும் ஞாயிறு மூப்பர்களைச் சந்தித்து இதை மரியாதையோடு சொல்லி, அப்பத்தில் எனக்குப் பங்கு தரும்படி கேட்பேன். தர இயலாது என்றால், நற்கருணைக்கு எங்கள் திருச்சபையைச் சேர்ந்த ஆலயத்தின் காலை ஆராதனைக்குப் போவேன்; வெள்ளிக்கிழமை ஜெபத்துக்கு ஐக்கியத்துக்கே தொடர்ந்து வருவேன் என்பதையும் சொல்லிவிடுவேன், அவர்கள் அனுமதித்தால். யோர்தான் அண்ணன், நீங்கள் சொன்ன கடைசி வார்த்தையை அவர்களிடம் அப்படியே சொல்லலாமா?

யோர்தான்:

சொல்லுங்கள், தம்பி. ஒரு மூப்பர் எழுதினார் என்றே சொல்லுங்கள்.